தங்கும் ரிக் வேலைக்குப் பணம் கட்டும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஆஃப்ஷோர் ரிக்கில் ஆட்கள் தேவை, சாப்பாடு தங்குமிடம் இலவசம், டாலரில் சம்பளம்' என்ற வரி விளம்பரங்கள் நாளிதழ்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. உசிலம்பட்டி, திருமங்கலம், மானாமதுரை, பரமக்குடிப் பக்கம் ஐ.டி.ஐ.யும் கேட்டரிங்கும் முடித்த பிள்ளைகள் அவற்றைப் பார்த்துவிட்டு வீட்டு நகையை அடகு வைக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த விளம்பரங்களில் கணிசமானவை எண்ணெய் தோண்டும் ரிக்குக்கானவை அல்ல. தொழிலாளர்கள் தங்கிச் சாப்பிட்டுத் தூங்குவதற்கென்றே கடலில் நிறுத்தப்படும் தங்கும் ரிக்குகளுக்கானவை. அந்த வேலை நல்ல வேலைதான். ஆனால் அந்தச் சந்தை எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் கடன் வாங்கிப் போகிறவர் நான்கு மாதத்தில் கடனோடு திரும்பிவர நேரும். அதற்காகவே இக்கடிதம்.

கடலில் உள்ள எண்ணெய் மேடையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. படுக்கைகள் மட்டும் அந்த வரம்பைத் தீர்மானிப்பதில்லை. லைஃப்போட்டில் இடம் இருக்கும் அளவுக்குத்தான் ஆள் ஏற்றலாம். நூறு பேருக்கு அமைத்த மேடையில் பழைய குழாய்களை மாற்ற வேண்டும், துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும், புதிய கம்ப்ரஸர் பொருத்த வேண்டும் என்று வந்தால் திடீரென்று முந்நூறு, நானூறு பேர் தேவைப்படுவார்கள். அவர்களை நாள்தோறும் ஹெலிகாப்டரில் கொண்டுவந்து திருப்பி அனுப்புவது கட்டுப்படியாகாது. அதனால் மேடைக்குப் பக்கத்தில் தங்கும் ரிக் ஒன்றை நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே நடைபாலம் போடுகிறார்கள். மேடையில் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்தவர் பாலத்தைக் கடந்து வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுக்கிறார்.

இந்த ரிக்குகளில் மூன்று வகை உண்டு. கால்களைக் கடல் தரையில் ஊன்றி உடலை அலைக்கு மேல் தூக்கி நிற்பது ஜாக்கப். பாரசீக வளைகுடாவின் சராசரி ஆழம் சுமார் 35 மீட்டர்தான் என்பதால் அங்கே இந்த வகையே அதிகம். ஆழமும் அலையும் மிகுந்த வடகடலிலும் பிரேசிலிலும் தூண்களின் மேல் மிதக்கும் செமி சப்மெர்சிபிள்கள் நிற்கின்றன. கணினி கட்டுப்படுத்தும் உந்துவிசைகளால் அல்லது நங்கூரங்களால் அவை இடம் மாறாமல் இருக்கும். அலையில் ரிக் அசைவதற்கேற்ப நடைபாலமும் நீண்டு சுருங்கும், எல்லை மீறினால் தானே தூக்கிக்கொள்ளும். பாலம் தூக்கப்பட்ட மணிநேரங்களில் முந்நூறு பேரும் கட்டிலில் கிடக்க, சம்பளமும் வாடகையும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் கடல் அமைதியான மாதங்களுக்கு அத்தனை கிராக்கி. மூன்றாவது வகை பார்ஜ். தட்டையான மிதவையின் மேல் அடுக்கடுக்காக அறைகள் கட்டி நங்கூரம் போட்டு நிறுத்துவார்கள். வாடகை குறைவு என்பதால் மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயலிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பார்ஜ்கள் அதிகம்.

இனி சந்தைக்கு வருவோம். தங்கும் ரிக்கை அதன் உரிமையாளர் எண்ணெய் நிறுவனத்துக்கோ கட்டுமான ஒப்பந்ததாரருக்கோ நாள் வாடகைக்கு விடுகிறார். ஒப்பந்தத்தில் உறுதிக் காலம் என்று ஒன்று இருக்கும். அதற்குமேல் நீட்டிக்கொள்ளும் விருப்பக் காலம் என்று இன்னொன்று. உறுதிக் காலம் நான்கு மாதம், விருப்பக் காலம் எட்டு மாதம் என்றால் அதை ஓராண்டு வேலை என்று ஏஜென்ட் சொல்வார். நீட்டிப்பதா வேண்டாமா என்பது வாடகைக்கு எடுத்தவர் கையில் இருக்கிறது. ரிக் உரிமையாளருக்கே அது நிச்சயமில்லாதபோது சமையற்கூடத்தில் தட்டுக் கழுவுபவருக்கு எப்படி நிச்சயம் வரும்?

சித்திரைத் திருவிழா நாட்களில் டவுன் ஹால் ரோட்டு லாட்ஜ்களில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு, அழகர் மலைக்குத் திரும்பியதும் அதே அறைக்கு ஆள் கூப்பிடுவார்கள். தங்கும் ரிக்கின் கிராக்கியும் இப்படித்தான் ஏறி இறங்குகிறது. அதை ஏற்றுபவை நான்கு: புதிய மேடையைக் கடலில் நிறுவி இணைத்து ஓடவிடும் ஹூக்கப் பணி, பழைய மேடையின் பெரிய பராமரிப்பு, உற்பத்தியை நிறுத்திச் செய்யும் ஷட்டவுன், ஆயுள் முடிந்த மேடையைப் பிரித்தெடுக்கும் பணி. ஷட்டவுனுக்கு வாரக்கணக்கில்தான் ரிக் தேவைப்படும். ஹூக்கப்புக்கு மாதக்கணக்கில். பழைய வயல்களின் தொடர் பராமரிப்புக்குத்தான் ஆண்டுக்கணக்கில் எடுப்பார்கள்.

எண்ணெய் விலை ஏறியவுடன் தங்கும் ரிக்குக்கு வேலை வந்துவிடாது. விலை ஏறி, முதலீட்டு முடிவெடுத்து, கரையில் மேடையைக் கட்டி, கடலுக்கு இழுத்துச் சென்ற பிறகுதான் ஆட்கள் தங்க இடம் தேவைப்படும். அதற்குள் ஓரிரு ஆண்டுகள் ஓடிவிடும். பராமரிப்புப் பணி இதற்கு நேர்மாறு. விலை விழுந்தால் முதலில் தள்ளிப்போடுவது பெயின்ட் அடிப்பதும் குழாய் மாற்றுவதும்தான், ஆகவே அந்த வேலை உடனே சுருங்கும். 2014 ஜூனில் பீப்பாய் சுமார் 115 டாலருக்கு விற்ற, உலக விலைக்கு அளவுகோலான பிரென்ட் எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. விலை உச்சத்தில் இருந்தபோது சிங்கப்பூர், சீனக் கப்பல் கட்டும் தளங்களில் ஆர்டர் கொடுத்த புதிய தங்கும் ரிக்குகள் கட்டி முடிந்தபோது அவற்றுக்கு வேலை இல்லை. சில ரிக்குகளை ஆர்டர் கொடுத்தவர்களே எடுத்துச் செல்லாமல் ஆண்டுக்கணக்கில் தளத்திலேயே விட்டுவைத்தார்கள். செமி சப்மெர்சிபிள் வகையில் உலகின் இரு பெரிய நிறுவனங்களான ப்ரோசேஃபும் ஃப்ளோடெல் இன்டர்நேஷனலும் 2019-ல் இணைய முயன்றன. நார்வே, பிரிட்டன் போட்டி ஒழுங்கு அமைப்புகள் எதிர்த்ததால் 2020-ல் அம்முயற்சியைக் கைவிட்டன. பின்னர் இரண்டுமே கடன்காரர்களோடு பேசிக் கடனை மறுசீரமைக்க வேண்டிவந்தது. இத்தனை பெரிய நிறுவனங்களே தடுமாறும் சந்தை இது.

தோண்டும் ரிக்குகளின் நிலவரமும் இதைப் பாதிக்கும். 2024 ஜனவரியில் சவூதி அரசு, தன் எண்ணெய் நிறுவனமான அராம்கோவிடம், உற்பத்தித் திறனை நாளொன்றுக்கு 1.3 கோடி பீப்பாயாக உயர்த்தும் திட்டத்தை விட்டு 1.2 கோடியிலேயே நிறுத்தச் சொன்னது. அதன்பின் அராம்கோ வாடகைக்கு எடுத்திருந்த ஜாக்கப் ரிக்குகள் பலவற்றை நிறுத்தி வைத்தது. வேலையில்லாத தோண்டும் ரிக்கின் உரிமையாளர், இருக்கும் அறைகளோடு கூடுதல் கேபின்களை ஏற்றிக் குறைந்த வாடகைக்குத் தங்கும் ரிக்காக விடப் பார்ப்பார். வாடகை இறங்கினால் கேட்டரிங் ஒப்பந்தத்திலும் விலை இறங்கும், அங்கிருந்து அறை சுத்தம் செய்து பரிமாறும் ஸ்டூவர்டின் நாள் கூலி வரைக்கும் அது வரும்.

நம் பிள்ளைகளுக்கு எங்கே வாய்ப்பு? வடகடலில் பிரிட்டன், நார்வே நாட்டு வேலை உரிமை இல்லாதவர்களை எளிதில் சேர்ப்பதில்லை, குளிர்காலத்தில் பல ரிக்குகள் சும்மாவும் நிற்கும். பிரேசிலில் அந்நாட்டு எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸ் நீண்ட ஒப்பந்தங்கள் தருகிறது, ஆனால் குறிப்பிட்ட விகிதம் பிரேசில் நாட்டவரை வைத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆக 'நார்வே ரிக்கில் ஹெல்பர் வேலை' என்று யாராவது நான்கு லட்சம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். மிஞ்சுவது வளைகுடா, மும்பை ஹை, தென்கிழக்கு ஆசியா. மும்பை ஹையில் கட்டுமானப் பருவம் அக்டோபரில் தொடங்கி மே மாதத்தோடு முடிகிறது. தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும் பார்ஜ்கள் துறைமுகம் திரும்பிவிடும். பங்குனியில் பணம் கட்டி வைகாசியில் பார்ஜ் ஏறுகிறவருக்கு அந்தப் பருவத்தில் எத்தனை வாரம் வேலை இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆண்டு முழுவதும் வேலை ஓடுவது வளைகுடாவில்தான். அங்கும் மாற்றம் உண்டு. அபுதாபியின் மேல் ஸாக்கும் வயலில் நான்கு செயற்கைத் தீவுகளை அமைத்து அங்கிருந்தே தோண்டுகிறார்கள். தீவில் கட்டடம் கட்டி ஆட்களைத் தங்கவைத்தால் அந்த அளவுக்கு மிதக்கும் படுக்கைக்குத் தேவை குறைகிறது. அதே அபுதாபியில் அரசு எண்ணெய் நிறுவனமான அட்னாக்கின் கிளையான அட்னாக் லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம் 2022-ல் ஸாக்கர் மரைன் நிறுவனத்தை வாங்கி, தானே இயங்கும் ஜாக்கப் பார்ஜ்களின் பெரிய அணியைக் கையில் வைத்திருக்கிறது. பழைய மேடைகள் அங்கே ஏராளம் என்பதால் பராமரிப்பு வேலைக்குக் குறைவில்லை.

முந்நூறு படுக்கை ரிக்கில் கேட்டரிங் ஆட்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? தோராயமாகப் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் முப்பது. கேட்டரிங் பொறுப்பாளரான கேம்ப் பாஸ், சமையல்காரர்கள், பேக்கர், ஸ்டூவர்டுகள், சலவை ஆட்கள் எல்லாம் அதில் அடக்கம். இரவு ஷிஃப்டுக்கு நள்ளிரவுச் சாப்பாடும் சேர்த்து நாளுக்கு நான்கு வேளை. ஆளுக்கு 200 லிட்டர் என்று வைத்தாலும் நாளொன்றுக்கு 60,000 லிட்டர் நன்னீர் வேண்டும். கடல்நீரைச் சுத்திகரிக்கும் யூனிட் பழுதானால் சப்ளை படகு தண்ணீர் கொண்டுவரும் வரை சலவையும் குளியலும்தான் முதலில் நிறுத்தப்படும். மிஞ்சிய சாப்பாட்டை அப்படியே கடலில் கொட்ட முடியாது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், 25 மில்லிமீட்டர் சல்லடையில் விழும் அளவுக்கு அரைத்த பிறகே விடலாம் என்பது கடல் மாசைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கையான மார்பொல் விதி. அரைக்கும் இயந்திரத்தில் கரண்டி விழுந்து நின்றால் குப்பை மூட்டைகள் குளிர் அறைப் பக்கம் குவியும், அடுத்து வயிற்றுப்போக்கு. முந்நூறு பேர் ஒரே உணவகத்தில் சாப்பிடும் இடத்தில் அது இரண்டே நாளில் பரவும். சும்மா கிடக்கும் அறைகளின் ஷவர்களை வாரம் ஒருமுறை சூடான நீர் விட்டு ஓடவிட வேண்டும், இல்லையேல் குழாயில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும். அந்த வேலையைக் கையெழுத்தோடு பதிவேட்டில் எழுதுபவர் ஸ்டூவர்ட்தான். இதை எளிய வேலை என்று யாரும் எண்ண வேண்டாம்.

கேட்டரிங் நிறுவனத்துக்குப் பணம் ஆள் கணக்கில் வருகிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று விலை. மேடை வேலை குறைந்து தங்குவோர் முந்நூறிலிருந்து நூற்றிருபது ஆனால் முப்பது கேட்டரிங் ஆட்களில் பாதிக்கு மேல் அடுத்த ஹெலிகாப்டரில் இறக்கப்படுவார்கள். ரிக்கின் ஒப்பந்தம் ஓடிக்கொண்டே இருக்கும், நம் பிள்ளையின் வேலை மட்டும் முடிந்திருக்கும். சாரம் கட்டுபவர், மணல் பீய்ச்சித் துரு அகற்றும் பிளாஸ்டர், பெயின்டர், பளு தூக்கும் ரிக்கர், ஃபிட்டர் ஆகியோர் நிலையும் இதுவே. அவர்கள் ரிக்கின் ஊழியர்கள் அல்ல, மேடைப் பணி ஒப்பந்ததாரரின் ஆட்கள். பணி முடிந்த அன்று அவர்களும் இறங்க வேண்டியதுதான்.

சம்பளக் கணக்கில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நாளுக்கு 50 டாலர் என்பதை மாதம் 1,500 டாலர் என்று சொல்வார்கள். எட்டு வாரம் வேலை, நான்கு வாரம் விடுப்பு, விடுப்புக்குச் சம்பளம் இல்லை என்று ஒப்பந்தம் இருந்தால் ஆண்டில் வேலை நாள் சுமார் 243. வருமானம் 12,150 டாலர், மாதத்துக்கு 1,012 டாலர்தான் ஆகிறது. இது ஆண்டு முழுவதும் வேலை இருந்தால். மறுபுறம் மூன்று லட்சம் ரூபாயை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினால் மாத வட்டி மட்டும் 9,000. நான்கு மாத ஒப்பந்தத்தில் ஒரே ஒரு எட்டு வாரச் சுற்றும் அடுத்த சுற்றில் சில வாரங்களும்தான் சம்பளம் வரும். அதில் வட்டியும் வீட்டுச் செலவும் போக அசலில் எவ்வளவு குறையும்?

கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை இவை. ரிக்கின் பெயர் என்ன, எந்த வயலில் நிற்கிறது, யார் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், உறுதிக் காலம் என்றைக்கு முடிகிறது, விடுப்புக்குச் சம்பளம் உண்டா, கரையில் ரிக்குக்காகக் காத்திருக்கும் நாட்களுக்கு என்ன கூலி, பாதியில் இறக்கினால் ஊர் திரும்பும் டிக்கெட் யார் செலவு. ரிக்கின் பெயரைச் சொல்லத் தயங்கும் ஏஜென்டிடம் உண்மையான ஆர்டர் இருக்க வாய்ப்பில்லை. ரிக்கின் பெயர் தெரிந்தால் உரிமையாளர் நிறுவனத்தின் இணையதளத்தில் அதன் ஒப்பந்த நிலவரத்தைப் பெரும்பாலும் பார்த்துவிடலாம். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் முக்கிய ஒப்பந்தங்களை வெளியிட்டே ஆக வேண்டும்.

பயிற்சிச் சான்றிதழ் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் வெளியேறுவது, தீயணைப்பு, முதலுதவி இவற்றைக் கற்றுத்தரும் போசியட் பயிற்சி மூன்று நாள் நடப்பது. எண்ணெய்த் துறைப் பயிற்சிக்குத் தரம் வகுக்கும் ஒப்பிட்டோ அமைப்பு அங்கீகரித்த மையத்தில் படித்தால்தான் செல்லும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வேலை உறுதியாகும் முன் இதை முடித்துவைத்துவிட்டு இரண்டு ஆண்டு காத்திருப்பவர்கள் உண்டு. வேலை வரும்போது சான்றிதழின் ஆயுளில் பாதி போயிருக்கும். நல்ல நிறுவனங்கள் பணி ஆணை தந்த பிறகு தாங்களே அனுப்பிவைக்கும். 'ரிக் டிப்ளமோ' என்ற பெயரில் ஆறு மாதம், ஓராண்டு என்று நடத்தும் படிப்புகளை எந்தத் தங்கும் ரிக்கிலும் கேட்பதில்லை. புதூர் அரசு ஐ.டி.ஐ.யில் வாங்கும் ஃபிட்டர், வெல்டர் சான்றிதழுக்கு இருக்கும் மதிப்பு அவற்றுக்குக் கிடையாது.

சட்டத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. வெளிநாட்டு நிறுவனத்தின் தரைப் பணியாளர் போல விசா எடுத்துப் போகிறவரை மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவுபெற்ற ஏஜென்ட்தான் அனுப்பலாம். அவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே, அதற்கு ரசீது தர வேண்டும். பதிவு எண் உண்மையா என்பதை அந்த அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் பார்க்கலாம். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவர் பதிவுபெற்றவராக இருந்தாலும் அவரோடு போகக்கூடாது. மாலுமிக்கான சி.டி.சி. புத்தகத்தோடு ரிக் ஊழியராகப் போகிறவருக்கு வழி வேறு. மாலுமிகளை வேலைக்குச் சேர்ப்பதற்கான, கப்பல் துறை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் பெற்ற நிறுவனமே அவரைச் சேர்க்கலாம். அவரிடம் வேலைக்கென்று ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது என்கிறது 2006-ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியா அதை 2015-ல் ஏற்றுக்கொண்டது.

பாதுகாப்பைச் சொல்லாமல் இக்கடிதத்தை முடிக்க மனம் வரவில்லை. 1980 மார்ச் 27 அன்று வடகடலில் தங்கும் ரிக்காக நின்ற அலெக்சாண்டர் கீலாண்ட் கவிழ்ந்து 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். தாங்கு குழாய் ஒன்றில் கருவி பொருத்தப் போட்ட சிறிய வெல்டிங்கில் தொடங்கிய விரிசல் வளர்ந்து, குழாய் முறிந்து, ஒரு கால் முழுதாகப் பிரிந்தது. நம் நாட்டில் 2021 மே 17-ல் டௌக்தே புயலில் பி-305 பார்ஜ் மூழ்கியது. அதில் 261 பேர் இருந்தார்கள், 186 பேரைத்தான் மீட்க முடிந்தது. சொந்த இன்ஜின் இல்லாத பார்ஜ் அது. நங்கூரங்கள் பிடி விட்டதும் காற்றின் போக்கில் போய் ஆளில்லா மேடையொன்றில் மோதி ஓட்டை விழுந்தது. அதே புயலில் கால் கன்ஸ்ட்ரக்டர், சப்போர்ட் ஸ்டேஷன்-3 ஆகிய பார்ஜ்களும் நங்கூரம் இழந்து அலைந்தன. இன்ஜின் இல்லாத பார்ஜ் புயலுக்கு ஒதுங்க வேண்டுமானால் இழுவைப் படகு வர வேண்டும், நங்கூரங்களை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும், துறைமுகம் வரை மெதுவாக இழுத்துச் செல்ல வேண்டும். வானிலை எச்சரிக்கை வந்த அன்றே முடிவெடுத்தால்தான் அதற்கு நேரம் இருக்கும். ஒரு நாள் தாமதித்தாலும் கடலே முடிவெடுத்துவிடும்.

பார்ஜில் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி இதனால் இன்னொன்று கூடுகிறது: சொந்த இன்ஜின் உண்டா, இல்லையென்றால் இழுவைப் படகு பக்கத்திலேயே நிற்குமா? ஏறிய முதல் நாளே தன் லைஃப்போட் எண்ணையும், அறையிலிருந்து அதற்குப் போகும் இரண்டு வழிகளையும் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்க்க வேண்டும். காற்றடைத்து விரியும் உயிர்காப்புத் தெப்பப் படகை மடித்து வைத்திருக்கும் வெள்ளைக் கூட்டில் கடைசியாகச் சர்வீஸ் செய்த தேதி எழுதியிருக்கும், வழக்கமாக ஓராண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டியது. அதைக் கட்டியிருக்கும், நீரில் மூழ்கினால் தானே அவிழ்த்துவிடும் ஹைட்ரோஸ்டாட்டிக் விடுவிப்பானில் காலாவதித் தேதி இருக்கும். அது கெட்டிருந்தால் ரிக் மூழ்கும்போது தெப்பமும் கூடவே மூழ்கும். தேதி தாண்டியிருந்தால் கேம்ப் பாஸிடம் சொன்னால் மட்டும் போதாது, பாதுகாப்பு அட்டையில் எழுதிப் போட வேண்டும். எழுதியதை மேலதிகாரி பார்க்காமல் விட முடியாது.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள்: வெளிநாட்டு ரிக் வேலை விளம்பரத்தை ஏற்கும்போது ஏஜென்டின் பதிவு எண்ணையோ ஆர்.பி.எஸ்.எல். எண்ணையோ கேட்டு வாங்கி, விளம்பரத்தோடு அதையும் அச்சிடுங்கள். எண் தராதவரின் விளம்பரத்தை ஏற்காதீர்கள். ரேஸ்கோர்ஸ் சாலை பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு வரும் இளைஞர்கள் கண்ணில் படும்படி இ-மைகிரேட் தளத்தில் எண்ணைச் சரிபார்க்கும் முறையை ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட்டால் இன்னும் நல்லது. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டு அழைப்புக்காகக் காத்திருப்பவர்கள் 1800 11 3090 என்ற கட்டணமில்லா எண்ணில் வெளிநாடு செல்லும் இந்தியர்களுக்கான மத்திய அரசின் உதவி மையமான பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவை அழைத்து முறையிடலாம்.

இப்படிக்கு,
கடல் எண்ணெய் வயல்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற சிலர்,
மதுரை.